மாமனாரின் சைக்கிள் மலையேறிய விதம்

"அப்பா வந்தாத்தான் ஞானஸ்நானம். இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் கன்னிவாடிக்குப் போயிருவேன். அங்க வச்சு சாமியார் தண்ணி ஊத்தட்டும்."

லீமா சமையலறைக்குள் இருந்தபடியே இதைச் சொன்னாள். அவள் கணவன் மனுவேல் வாசலில், காரின் பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரும்பு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா வர மாட்டேன்னா சொன்னாரு? சைக்கிளும் கூட வரணும்னுதானே சொல்லி விட்டிருக்காரு."

"அப்ப சைக்கிளையும் கூட்டிட்டு வாங்க."

"சைக்கிள் என்ன ஆளா, முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டியார?"

"உக்கார வைப்பீங்களோ, படுக்க வைப்பீங்களோ, அது உங்க சோலி. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அப்பா நம்ம கோயில்ல முன்வரிசையில உக்காந்திருக்கணும். அம்புட்டுத்தான்."

மனுவேல் கோடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமாகி எட்டு வருஷம் அவனுக்கும் லீமாவுக்கும் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை போய் வந்தார்கள். மதுரையில் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். கடைசியில் பெண் குழந்தை பிறந்தது, அம்மா நிறமும் தாத்தா மூக்குமாக. அந்த மகிழ்ச்சியில் மனுவேல் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் ஞானஸ்நானத்துக்கு அழைத்துவிட்டான். பிரின்சிபாலில் தொடங்கி மாவரைக்கும் ஆள் வரைக்கும். இப்போது விசேஷத்தைக் கன்னிவாடிக்கு மாற்றினால் அத்தனை பேரிடமும் என்ன சொல்வது? மாமனாருடைய சைக்கிள் மலையேறவில்லை, அதனால் பிள்ளை மலையிறங்கிவிட்டது என்றா?

மாமனார் பவுல்ராஜ் வாத்தியார் கன்னிவாடியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மாதா கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். ஜெபத்துக்கு அடுத்தபடியாக அவர் தினமும் தவறாமல் செய்வது தன் பச்சை ராலே சைக்கிளைத் துடைப்பது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் சைக்கிளோடுதான் போவார். சைக்கிள் போகாத இடத்துக்கு அவரும் போனதில்லை.

"ஏரிக்கரையில வாடகை சைக்கிள் நெறையக் கெடக்கு மாமா" என்று மனுவேல் ஒருதரம் சொல்லிப் பார்த்தான்.

"ஊரான் உக்காந்த சீட்டுல நான் உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டு அவர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பஸ்ஸில் ஏற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முன்பு ஒருதரம் பஸ்ஸின் மேல்தட்டில் ஏற்றியபோது, யாரோ பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாடு வத்தலக்குண்டு வருவதற்குள் ராலேயின் சீட்டு உறையைத் தின்றுவிட்டது. அன்றோடு பஸ்ஸை வாத்தியார் தலைமுழுகிவிட்டார். ஆக, மருமகனுடைய கார்தான் ஒரே வழி.

கார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அமெரிக்கர் ஒருவர் ஊருக்குப் போகும்போது மனுவேலுக்குக் கொடுத்துவிட்டுப் போன நீல வண்டி அது. ஏரிக்குப் படகு இழுத்துப் போவதற்காக அதன் பின்னால் ஓர் இரும்பு உருண்டையை அவர் பொருத்தியிருந்தார். அது எதற்கு என்று கோடைக்கானலில் யாருக்கும் விளங்கவில்லை. பால்காரப் பாப்பம்மாள் மட்டும் தினமும் காலையில் அதில் தூக்குவாளியை மாட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வாள்.

போகிற போக்கில் அந்த அமெரிக்கர் ஒரு விலைப்பட்டியலைத் திறந்து, இதே உருண்டையில் ஒரு சட்டத்தை மாட்டி அதில் சைக்கிளைத் தொங்கவிடலாம் என்று படம் காட்டியிருந்தார். ரேக்கு என்று அதற்குப் பெயர். மனுவேல் விலையை ரூபாயில் போட்டுப் பார்த்தான். அதற்கு இன்னொரு கார் வாங்கலாம். பட்டியலைக் குழந்தையின் தொட்டிலுக்கடியில் ஈரத்துக்கு விரித்துவிட்டு, சிக்கனமாக யோசிக்கத் தொடங்கினான்.

முதல் யோசனை காரின் கூரை. பள்ளிக்கூட வாட்ச்மேனுடைய சைக்கிளை இரவல் வாங்கி, கூரைமேல் படுக்க வைத்து, கயிற்றால் வரிந்து கட்டி, ஒரு வெள்ளோட்டம் விட்டான். செவன் ரோடு இறக்கத்தில் பிரேக் போட்டபோது கார் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து முன்கண்ணாடியின் மேல் உட்கார்ந்துகொண்டது. மனுவேல் அதன் முன் சக்கரக் கம்பிகளுக்கு ஊடே பாதையைப் பார்த்து ஓட்டியபடி மார்க்கெட் வரை வந்து சேர்ந்தான்.

மறுநாளே கோடைக்கானல் பஸ் கண்டக்டர் பொன்னுவேல் வந்து நின்றார். கன்னிவாடிக்காரர். வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தவர் என்பதால் அவருடைய தூதராகவும் இருந்தார்.

"வாத்தியார் ஐயாவுக்கு விசயம் தெரிஞ்சு போச்சுங்க."

"எப்படிங்க தெரிஞ்சது?"

"நாந்தாங்க சொன்னேன். என் சைக்கிளை எவனாச்சும் என் தலைக்கு மேல ஏத்துனா அந்த வண்டியில நான் கால் வைக்க மாட்டேன்னுட்டாரு."

கூரை போயிற்று. அடுத்தது பள்ளிக்கூடத் தச்சர் உபகாரம். கையில் வேலை இல்லாததால் உற்சாகமாக வந்தார். உருண்டையைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார்.

"செலவில்லாம முடிச்சிருவோம் தம்பி. உடைஞ்ச பெஞ்சு ரெண்டு ஸ்டோர்ல கெடக்குல்ல? நூறு வருசத்துத் தேக்கு. ஆனை ஏறினாலும் தாங்கும்."

"ஆனை வேண்டாம் அண்ணே. சைக்கிள் தாங்கினாப் போதும்."

உபகாரம் ஆனைக்கே செய்தார். ஒரு வாரத்தில் காரின் பின்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பே முளைத்துவிட்டது. அது தாங்கிற்று, சந்தேகமில்லை. ஆனால் காரால் அதைத் தாங்க முடியவில்லை. சைக்கிளையும் மாட்டிக்கொண்டு வானாராய்ச்சிக் கூடத்து மேட்டில் ஏறியபோது வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் எழும்பி, முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் உருண்டன. மனுவேல் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கார் யோசித்துப் பார்த்துவிட்டு நேராகப் போனது. எதிரில் வந்த கேரட் லாரிக்காரர் பயந்து போய் லாரியை நிறுத்தி இறங்கி, மனுவேலுடைய காரின் பானெட்டில் உட்கார்ந்து கொடுத்தார். அவர் பாரத்தில்தான் வீடு வந்து சேர முடிந்தது.

பொன்னுவேல் இரண்டு நாள் கழித்து வந்தார்.

"மரச்சாமான் எதுலயும் சைக்கிளைக் கட்டக் கூடாதுங்களாம்."

"இதையும் சொல்லிட்டீங்களாண்ணே?"

"கேட்டாரு, சொன்னேன். வாத்தியார்கிட்டப் பொய் சொல்ல முடியுமாங்க?" என்ற பொன்னுவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அம்மா ஒரு வழி சொல்லி விட்டாங்க. பழனியில அடிவாரத்துப் பக்கம் வேலப்பன்னு ஒரு ஆசாரி பட்டறை வச்சிருக்காராம். இரும்புல நல்லா செய்வாராம். கூலியும் கம்மியாம். அங்க போகச் சொன்னாங்க."

அம்மா என்றது மாமியார் கித்தேரியம்மாளை. மனுவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் அதிர்ந்து பேசாதவர் அவர் ஒருவர்தான். வாத்தியார் பேசும்போது அவர் வாயைத் திறந்து எவரும் பார்த்ததில்லை. வாத்தியாரோ எப்போதும் பேசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மாமியார் மருமகனுடைய அவதியை எண்ணிப் பார்த்து வழி சொல்லி அனுப்பியிருக்கிறாரே என்று லீமாவிடம் சொல்லிக் கண் கலங்கினான்.

வேலப்பனின் பட்டறையில் ஜன்னல் கிராதியும் மாட்டுவண்டிப் பட்டாவும் காவடிச் சட்டமுமாக இரும்பு இறைந்து கிடந்தது. அவர் உருண்டையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"இது மேல ஒரு சட்டம் நிக்கணும். அதுல பாரம் தொங்கணும். ரோடு எம்புட்டு ஆடினாலும் பாரம் ஆடக் கூடாது."

"சரிங்க."

"மலையேறணும். அதான் முக்கியம்."

வேலப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். "மலையேறணும். கன்னிவாடி வாத்தியார் ஐயாவும் கூட வர்றாருங்களா?"

"அவருக்காகத்தானே இவ்வளவு பாடும்!"

"அப்பச் சரி. நீங்க கவலையே படாதீங்க. நம்ம கை படாத சோலியா?"

கூலியைக் கேட்டதும் மனுவேலுக்குக் காதை நம்ப முடியவில்லை. அவன் நினைத்திருந்ததில் பாதிதான். பேரம் பேசினால் கெட்டுவிடுமோ என்று பயந்து, பேசாமல் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டான். மிச்சமான பணத்தில் லீமாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினான். சிக்கனம் என்றால் என்ன என்று ஸ்டோரில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு விளக்கமும் கொடுத்தான்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மனுவேல் வெள்ளனே எழுந்து காரில் பழனிக்கு இறங்கினான். வேலப்பன் சாக்குப் படுதாவை விலக்கினார்.

மனுவேல் கிட்டப் போய்ப் பார்த்தான்.

உருண்டையில் மாட்டுவதற்கான இரும்புத் தண்டிலிருந்து குறுக்கே ஒரு சட்டம். அதிலே சைக்கிள் மாட்ட இரண்டு கொக்கி. அதுவரை சரி. சட்டத்தின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே அரைவட்டமாக ஒரு வளைவு எழும்பியிருந்தது. வளைவு முழுக்க மஞ்சள் துணி சுற்றியிருந்தது. இரு பக்கமும் கொத்துக் கொத்தாக மயிலிறகு. கீழே வரிசையாக வெண்கல மணி.

"என்னய்யா இது வளைவு?"

"ஆட்டம் தாங்கணும்னு சொன்னீங்கள்ல? வளைவு இல்லாட்டிச் சட்டம் முறுக்கிக்கிரும்."

"மஞ்சத் துணி?"

"சைக்கிள் பெயிண்டு உரசக் கூடாதுங்களே. துணி சுத்தினா மெத்துன்னு இருக்கும்."

"சரி, மயிலெறகு?"

"பின்னாடி வர்ற லாரிக்காரனுக்குத் தூரத்துலயே தெரியணுமா வேண்டாமாங்க?"

"மணி எதுக்குய்யா?"

"சைக்கிளை எவனாச்சும் அவுத்தா முன்னாடி உக்காந்திருக்கிற உங்களுக்குச் சத்தம் கேக்கணும்ல?"

ஒவ்வொரு பதிலையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கடமாக இருந்தது. இந்த ஆளுக்கு ரேக்கு என்றால் என்னவென்று புரியவில்லை, மலையேறணும் என்றதும் காவடியை அடித்துவிட்டான் என்று மனுவேலுக்கு விளங்கிவிட்டது. கழற்றி மறுபடி செய்ய நேரமில்லை. "வெரசா மாட்டு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. இறகையாவது பிடுங்கிவிடலாம் என்று இழுத்துப் பார்த்தான். வேலப்பன் அதையும் ஈயத்தில் பற்ற வைத்திருந்தார்.

கன்னிவாடியில் பவுல்ராஜ் வாத்தியார் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கழுத்தில் சிலுவையோடு தயாராக நின்றார். காரைச் சுற்றி வந்தார். 

"கமான் வளைவு போட்டிருக்கான்" என்றார் வாத்தியார். "நம்ம ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வாசல்ல போடுவோமே, அது மாதிரி. இந்த எறகு என்னது?"

"அமெரிக்காவுல இப்படித்தான் மாமா. லாரிக்காரங்களுக்குத் தெரியறதுக்கு."

"அங்க மயில் இருக்கா?"

"இறக்குமதி பண்றாங்க."

வாத்தியார் ராலேயைத் தானே தூக்கிக் கொக்கியில் மாட்டி, மூன்று தடவை பிடித்து உலுக்கினார். மணிகள் கலகலத்தன. சைக்கிள் அசையவில்லை.

"பலே! மாப்ளே, இத்தனை நாள்ல இப்பத்தான் நீங்க ஒரு காரியத்தை உருப்படியாச் செஞ்சிருக்கீங்க."

எட்டு வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு இது. மனுவேலுக்கு ஓர் அடி உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கித்தேரியம்மாள் ஜெபமாலையோடு பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி புறப்பட்டது.

பழனி ரோட்டில் ஏறிய பிறகுதான் மனுவேலுக்கு ஒரு விஷயம் உறைத்தது. காலையில் கூட்டம் கூடுமுன்னே பழனியில் இறங்கி, வளைவை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஊர்ப்பாதையாகவே கன்னிவாடிக்கு வந்ததால் இந்த ரோட்டை அவன் பார்க்கவில்லை. இப்போது ரோட்டின் இருபக்கமும் மஞ்சளும் பச்சையும் கட்டிய ஜனம் நடந்து போய்க்கொண்டிருந்தது. தைப்பூசக் கூட்டம்! ஞாயிற்றுக்கிழமை எது என்று கோயில் காலண்டரில் பார்த்தவன் தைப்பூசம் என்றைக்கு என்று பார்க்கவில்லை.

காரைக் கண்ட முதல் கூட்டம் சற்றுத் திகைத்து நின்றது. பிறகு ஒரு பெரியவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

"வேல் வேல்! சைக்கிள் காவடிடோய்!"

"அரோகரா!" என்று கூட்டம் வாங்கிச் சொன்னது.

வாத்தியார் திரும்பினார். "என்ன சத்தம் அது?"

"கல்யாண வண்டின்னு நெனச்சு வாழ்த்துறாங்க மாமா."

"அதுக்கு ஏன் அரோகராங்கிறான்?"

"சந்தோசம் தாங்கலை."

அடுத்த கூட்டம் காரை நிறுத்திச் சைக்கிளுக்கு மாலை போட்டது. அதற்கடுத்த கூட்டத்தில் ஒரு அம்மாள் ராலேயின் ஹாண்டில் பாருக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, சைக்கிள் மணியை மூன்று தடவை அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக மணி அடித்தார்கள். மனுவேலுக்குத் தை மாசக் குளிர்காற்றிலும் வியர்த்துக் கொட்டியது. வேகமாகப் போகலாம் என்றால் முன்னால் கூட்டம், திரும்பலாம் என்றால் பின்னாலும் கூட்டம். வாத்தியார் கோட்டுப் பித்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கோபத்துக்கு அதுதான் முதல் அறிகுறி என்று ஊரே அறியும்.

"மாப்ளே, நான் உபதேசியார். என் கண்ணு முன்னாடி என் சைக்கிளுக்குக் குங்குமம் வைக்கிறான். வண்டியை நிறுத்துங்க. நான் எறங்கிக் கன்னிவாடிக்கே போறேன்."

 லீமா, பிரின்சிபால், மாவரைக்கும் ஆள் எல்லோரும் மனுவேலின் கண்முன் வந்து போனார்கள். அந்த நேரத்தில் பின்சீட்டிலிருந்து, அன்று முதன்முதலாக, மாமியாரின் குரல் வந்தது.

"நீங்க எறங்கலாம். இந்தக் கூட்டத்துல சைக்கிளை எப்படி எறக்குவீங்க? கீழ வச்சா மிதிச்சுப்புடுவாங்க."

வாத்தியார் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

பழனி ஊருக்குள் நுழைந்தபோது எள் விழ இடமில்லை. ஒரு போலீஸ்காரர் விசில் ஊதியபடி வந்தார். மனுவேல் அவரிடம் கைகூப்பினான்.

"ஐயா, கோடைக்கானல் ரோட்டுக்கு வழி விடுங்கய்யா."

போலீஸ்காரர் பின்பக்கம் பார்த்தார். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "காவடி வண்டிக்கு இல்லாத வழியா? அடிவாரத்துக்கு விடுறேன், வாங்க. ஏய், ஒதுங்கு, ஒதுங்கு!"

"அடிவாரம் வேண்டாம்ங்க, நாங்க..."

"மாப்ளே" என்றார் கித்தேரியம்மாள். "போலீஸ்காரர் சொல்றப்ப எதிர்த்துப் பேசலாமா? இடப்பக்கமாத் திரும்புங்க. அதுவும் வழிதான்."

மனுவேல் திரும்பினான். திரும்பிய பிறகுதான் அது மலையைச் சுற்றும் தெரு என்று தெரிந்தது. அதில் ஏறிவிட்டால் ஒரே திசைதான், முழுச் சுற்றுத்தான். வலப்பக்கம் மலை, நான்கு பக்கமும் கூட்டம். கார் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"சைக்கிள் ஆடுற மாதிரி இருக்கு" என்றார் கித்தேரியம்மாள். "நான் எறங்கிப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு வாறேன்."

"உனக்கெதுக்கு? கால் வலிக்கும்" என்றார் வாத்தியார்.

"உக்காந்து உக்காந்து மரத்துத்தான் கெடக்கு." செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு அவர் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி பின்னால் நடந்தார். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்று மனுவேல் கண்ணாடியில் பார்த்து உருகினான்.

பத்தடி போயிருக்கும். "ஐயையோ, சாயுது! ஓடியாங்க!" என்று கித்தேரியம்மாள் கூவினார்.

வாத்தியாருக்கு அறுபத்திரண்டு வயது. கதவு எப்போது திறந்தது, எப்போது இறங்கினார் என்று மனுவேல் பார்க்கவில்லை. மஞ்சள் வளைவு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, ராலே தரைக்கு ஒரு சாண் மேலே ஊசலாடியது. வாத்தியார் பாய்ந்து போய் வளைவுக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினார்.

"மாப்ளே! நிறுத்தாதீங்க! நிறுத்துனாப் பின்னாடி வர்றவன் இடிச்சுத் தள்ளிருவான். மெல்ல ஓட்டுங்க!"

ஆக, கார் முன்னால் ஊர்ந்தது. பின்னால் பவுல்ராஜ் உபதேசியார் கறுப்புக் கோட்டோடு, தோளில் மயிலிறகு வளைவைச் சுமந்து, மணிகள் குலுங்க நடந்தார். கூட்டத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எங்கிருந்தோ பம்பையும் நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டன. யாரோ அவர் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ நெற்றியில் திருநீற்றைப் பூசினார்கள். இரண்டு கையாலும் வளைவைப் பிடித்திருந்ததால் அவரால் துடைக்கவும் முடியவில்லை. காலைத் தொட்டுக் கும்பிட நூறு பேர் ஒரே நேரத்தில் முண்டியடித்தார்கள்.

சைக்கிளை யாரோ இடித்துவிட்டார்கள்.

"ஏலே!" முப்பது வருஷத்துத் தலைமையாசிரியர் குரல் வெடித்தது. "என்ன ஒழுங்கு இது? ரெண்டு ரெண்டு பேரா வரிசையில நில்லு! பொம்பளைங்க இடப்பக்கம்! பேச்சுச் சத்தம் கேக்கக் கூடாது!"

 பிறகு, மனுவேல் தன் வாழ்நாளில் பார்த்திராத ஓர் அதிசயம் நடந்தது. அத்தனை ஜனமும் இரண்டு வரிசையாகப் பிரிந்து, பவ்வியமாக, சத்தமில்லாமல் பின்னால் நடந்தது. போலீஸ்காரர் கூட வரிசையில் நின்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பவுல்ராஜ் வாத்தியாருடைய சொல்லுக்கு எவரும் இப்படிக் கட்டுப்பட்டதில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வரிசை கலையாமல் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முழுச் சுற்றையும் முடித்தார்.

சுற்று முடிந்த இடத்தில் ஒரு பக்தர் தன் மஞ்சள் வேட்டியைக் கிழித்துச் சட்டத்தை இறுகக் கட்டிக் கொடுத்தார். வேறொருவர் ஒரு டப்பாப் பஞ்சாமிர்தத்தை வாத்தியார் கையில் வைத்தார். அவர் அதைச் சந்தேகத்தோடு நக்கிப் பார்த்தார். மலைப்பாதையில் பெருமாள்மலை வருவதற்குள் டப்பா காலி.

கோடைக்கானலில் வீட்டு வாசலில் கார் நின்றபோது லீமா பிள்ளையோடு ஓடி வந்தாள். அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள். சைக்கிளின் மாலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"சைக்கிள் வந்திருச்சுல்ல?" என்றான் மனுவேல். "வேற எதுவும் கேக்காத."

மறுநாள் ஞானஸ்நானம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பச்சை ராலே ஒரு கீறலும் இல்லாமல் கோயில் வாசலில் நின்றது. பவுல்ராஜ் வாத்தியார் முன்வரிசையில் உட்கார்ந்தார். விருந்தில் பிரின்சிபாலைப் பக்கத்தில் இருத்தி, பத்தாயிரம் பேரைத் தான் ஒரே சொல்லில் வரிசையில் நிறுத்திய கதையை மூன்று தடவை சொன்னார். எந்த ஊரில், என்ன கூட்டம் என்பதை மட்டும் மூன்று தடவையும் சொல்லவில்லை.

பந்தி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மனுவேல் காரின் பின்னால் குனிந்து பார்த்தான். வளைவைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டைக் காணவில்லை. அவனுக்கு இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று உள்ளே போனான். கித்தேரியம்மாள் பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே பழனிக்குப் போறேன் அத்தை. அந்த வேலப்பனை நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கலேன்னா நான் மனுவேல் இல்லை. ரேக்குக் கேட்டா காவடி அடிச்சுக் குடுத்திருக்கான். கூலி கம்மின்னா இப்படியா? ஒரு போல்ட்டை ஒழுங்கா முறுக்கத் தெரியலை. மாமா தோள் மட்டும் குடுக்கலேன்னா என் மானமே போயிருக்கும்!"

கித்தேரியம்மாள் எட்டிப் பார்த்தார். வாத்தியார் முற்றத்தில் ராலேயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாது என்று உறுதியான பிறகு மருமகனைக் கிட்டத்தில் அழைத்தார்.

"வேலப்பனை வையாதீங்க மாப்ளே, பாவம். உங்களை அங்க அனுப்பினது நாந்தான், மீதிக் கூலியைக் குடுத்துக் காவடியா அடிக்கச் சொன்னது நாந்தான், போல்ட்டை உருவினதும் நாந்தான். லீமா வயித்துல ஒரு புழு பூச்சி தங்கினா வாத்தியாரே காவடி எடுத்து மலையைச் சுத்துவாருன்னு முருகன்கிட்ட வாயை விட்டுட்டேன். அந்த மனுசன் சைக்கிளைத் தவிர வேற எதுக்குத் தோள் குடுப்பாரு?"